பிள்ளை இராணுவ அதிகாரியாகப் போக வேண்டும் என்கிறான்: தியத்தலாவையா, கே.டி.யூ.வா, வேறு வழியா?

கொட்டாஞ்சேனைச் சித்தி

எல்லாருக்கும் வணக்கம். அக்காவின் மகன் கணிதப் பிரிவில் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறான். இப்போது இராணுவத்தில் அதிகாரியாகச் சேர வேண்டும் என்று நிற்கிறான். வீட்டில் பெரிய சண்டை. அத்தான் அவனோடு கதைப்பதே இல்லை.

எங்கள் குடும்பத்தில் வங்கி, ஆசிரியர் வேலை, வெளிநாடு, இவைதான் தெரியும். இந்தப் பக்கம் போனவர் ஒருவரும் இல்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன். அதிகாரியாகச் சேர எத்தனை வழி இருக்கிறது? சிலர் தியத்தலாவை இராணுவ அக்கடமி என்கிறார்கள், சிலர் இரத்மலானை கே.டி.யூ., அதாவது பாதுகாப்புப் பல்கலைக்கழகம் என்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? மொழி எப்படி? போன பிறகு பிடிக்காவிட்டால் திரும்பி வர முடியுமா? பக்கத்து வீட்டுக்காரர் சென்னையில் போய்ப் பரீட்சை எழுதலாம் என்றும் சொல்கிறார்.

சேர்வதா வேண்டாமா என்பதை அவனும் தாய் தகப்பனும் முடிவு செய்யட்டும். அதற்கு முதல் விஷயம் சரியாகத் தெரிய வேண்டும்.

இரத்மலானைப் பக்கம்

அக்கா, நான் கே.டி.யூ.வில் காசு கட்டிப் படித்தவன். சீருடைக்காரர்களோடு ஒரே வகுப்பில் இருந்ததால் இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் கொழும்பில் பல பெற்றோர் இதில்தான் தடுமாறுகிறார்கள். ஜெனரல் சேர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வகை மாணவர் இருக்கிறார்கள். என்னைப் போல் கட்டணம் கட்டிப் படிப்பவர்கள் ஒரு வகை. பட்டம் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போவோம், படைக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மற்ற வகை கடேற் அதிகாரிகள், அதாவது பயிலிளவல்கள். அவர்களுக்குக் கட்டணம் கிடையாது, மாதாமாதம் சம்பளம் உண்டு, உள்ளேயே தங்க வேண்டும். உங்கள் பிள்ளை கேட்பது இந்த இரண்டாவது வகை. இரண்டுக்கும் விண்ணப்பம் வேறு வேறு. மாறிப் போட்டுவிட்டால் ஒரு வருடம் போய்விடும்.

இடம் முன்னாள் பிரதமர் கொத்தலாவலவின் கந்தவல வளவு. 1981 இல் சட்டம் கொண்டுவந்து பாதுகாப்பு அக்கடமியாக அமைத்தார்கள், 2007 இல் பல்கலைக்கழகம் ஆனது. பொறியியல், மருத்துவம், சட்டம், முகாமைத்துவம் எல்லாம் இருக்கின்றன. கடேற்றாக எடுபட ஏ.எல். பெறுபேறு மட்டும் போதாது. உடற்தகுதி, மருத்துவப் பரிசோதனை, நேர்முகப் பரீட்சை மூன்றையும் தாண்ட வேண்டும். திருமணம் ஆகியிருக்கக் கூடாது. இராணுவமா, கடற்படையா, விமானப்படையா என்பதும் தொடக்கத்திலேயே தீர்மானமாகிவிடும். பட்டப்படிப்போடு அந்தந்தப் படையின் அக்கடமிப் பயிற்சியும் சேர்ந்து வரும்.

படிப்பு இலேசு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நாங்கள் எட்டு மணிக்கு வகுப்புக்கு வருவோம். அவர்கள் அதற்குள் ஓடி, அணிவகுத்து, அறை சோதனை முடித்து வந்து உட்கார்ந்திருப்பார்கள். பின்வரிசையில் உட்கார்ந்தால் நித்திரை வரும் என்பதற்காகவே முன்வரிசையில் உட்காரும் கடேற்களைப் பார்த்திருக்கிறேன். அதே வினாத்தாளில்தான் அவர்களும் சித்தியடைய வேண்டும்.

திரும்பி வருவது பற்றிக் கேட்டீர்கள். சேரும்போது உடன்படிக்கை கையெழுத்திட வேண்டும், பிணையாளிகளும் வேண்டும். பட்டம் முடித்த பிறகு குறிப்பிட்ட காலம் சேவை செய்யத்தான் வேண்டும், இடையில் விட்டால் செலவைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். அந்தத் தாளை வீட்டில் எல்லாரும் ஒருமுறை முழுதாக வாசியுங்கள். கையெழுத்துப் போடும் நாளில் அவசரத்தில் ஒருவரும் வாசிப்பதில்லை.

பழைய கடேற் வாத்தியார்

பிள்ளை, நான் பல வருடம் பாடசாலைக் கடேற் அணியைப் பார்த்துக்கொண்ட ஆசிரியன். என்னிடம் இருந்து போன பையன்களில் சிலர் இப்போது மேஜர், லெப்டினன்ட் கேணல் நிலையில் இருக்கிறார்கள். ஆகவே தியத்தலாவை பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஊவா மலையில், 4,000 அடிக்கு மேலே, அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் நடுவில் இருக்கிறது. பதுளை ரயிலில் போனால் பாதையிலேயே வரும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே படை முகாம் ஊர் அது. 1900 இல் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளை ஆயிரக்கணக்கில் அங்கேதான் கொண்டுவந்து வைத்தார்கள். 1950 இல் இராணுவப் பயிற்சி நிலையம் தொடங்கியது. 1981 இல் அது இலங்கை இராணுவ அக்கடமி என்று பெயர் மாறியது.

அங்கே போகிறவன் முதலில் படைவீரனாக மாற்றப்படுகிறான், பிறகுதான் அதிகாரியாக. துப்பாக்கி, வரைபடம், காடு, இரவு நடை, குளிர், நித்திரையின்மை. பிறகு மற்றவர்களை வழிநடத்தக் கற்றுக்கொடுப்பார்கள். வெளியே வரும்போது இரண்டாம் லெப்டினன்ட். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் முப்பது பேருக்குப் பொறுப்பு கையில் வந்துவிடும். அந்த முப்பது பேரில் அவனுடைய தகப்பன் வயதை நெருங்கிய சார்ஜன்ட்டும் இருப்பார். இந்த இடத்தில்தான் பையன்கள் உடைகிறார்கள் அல்லது நிமிர்கிறார்கள். ஓட்டத்தில் முதலாவதாக வந்தவன் இங்கே தடுமாறியதைக் கண்டிருக்கிறேன்.

ஏ.எல். முடித்தவர்களுக்கான நேரடி வழி இது. வயது, உயரம், எத்தனை பாடம் என்ன தரத்தில் என்பதெல்லாம் அறிவித்தலுக்கு அறிவித்தல் மாறும். போன வருடத் தாளை வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டாம். முதலில் ஒரு நேர்முகம், பிறகு உடற்தகுதி, மருத்துவம், கடைசியில் தெரிவுச் சபை. குழுவாகச் செய்யச் சொல்லும் பரீட்சையில் யார் சத்தம் போடுகிறான் என்று பார்ப்பதில்லை. யார் சொன்னதை மற்றவர்கள் தாமாகக் கேட்டார்கள் என்று பார்ப்பார்கள்.

கடற்படைக்குத் திருகோணமலை, 1967 இல் தொடங்கிய கடற்படை அக்கடமி. விமானப்படைக்கு அதே ஊரில் சீனன்குடா.

பையன் பாடசாலையில் கடேற் செய்தானா? செய்திருந்தால் நல்லது, செய்யாவிட்டாலும் கதவு மூடாது. இந்த நாட்டில் பாடசாலைக் கடேற் தொடங்கியதே கொழும்பு றோயல் கல்லூரியில்தான், 1881 இல். ரன்தம்பே கடேற் பயிற்சி முகாமுக்குப் போய் வந்த பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகளைவிட ஒன்று கூடுதலாகத் தெரிந்திருக்கும்: களைத்துப்போன நேரத்தில் தான் எப்படி நடந்துகொள்கிறேன் என்பது.

வன்னி வேர்

எல்லாரும் விண்ணப்பம், உயரம், பரீட்சை என்று எழுதுகிறீர்கள். யாராவது ஒருவர் மற்றதையும் எழுத வேண்டும், நான் எழுதுகிறேன்.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், என் தாய் வீடு வன்னி. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் வீதியோரம் உட்கார்ந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். வடக்கில் படையிடம் இருக்கும் காணிக்காக இன்னும் ஆட்கள் பலகை பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தப் பையன் அணியப் போகும் சீருடையை அந்தத் தாய்மார் எப்படிப் பார்ப்பார்கள் என்று அவனுக்குத் தெரியுமா? ஒரு நாள் அவனை அங்கேயே பணிக்கு அனுப்பினால் வீதியின் எந்தப் பக்கம் நிற்பான்?

சித்தி, உங்கள் அத்தான் கதைக்காமல் இருப்பது பிடிவாதத்தால் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். எண்பத்துமூன்றுக்குப் பிறகு கொழும்பில் வளர்ந்த எங்கள் வயது ஆண்கள் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அடையாள அட்டையை எடுத்து நீட்டியவர்கள். அந்த உடம்புக்கு அது மறக்காது. அவரைச் சமாதானப்படுத்த முயலாமல், முதலில் அவர் சொல்வதைப் பிள்ளை உட்கார்ந்து கேட்கட்டும்.

பழைய கடேற் வாத்தியார்

வன்னி வேர், நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. பிள்ளை அதைத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும் என்பதிலும் உங்களோடு நிற்கிறேன்.

ஆனால் அவனுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்த நாட்டு இராணுவத்தின் முதலாவது இலங்கைத் தளபதி ஒரு தமிழர். அன்ரன் முத்துக்குமாரு, 1955 இலிருந்து 1959 வரை. கொழும்பில் பிறந்து, சென் ஜோசப் கல்லூரியில் படித்து, ஒக்ஸ்போர்ட் போய் வந்த வழக்கறிஞர். அவர் எந்த அக்கடமியிலும் கடேற்றாகத் தொடங்கவில்லை. வழக்கறிஞர் தொழில் செய்துகொண்டே தொண்டர் படையில், அதாவது பகுதிநேரப் படையில், அதிகாரியாகக் கமிஷன் பெற்றவர். கடற்படையில் ராஜன் கதிர்காமர் 1960 இலிருந்து பத்து வருடம் தளபதியாக இருந்தார், பின்னாளில் வெளிவிவகார அமைச்சரான லக்ஷ்மன் கதிர்காமரின் தமையன். ஆகவே தமிழ்ப் பிள்ளைக்கு இது அந்நியமான வாசல் என்று அவனிடம் யாரும் சொல்லக் கூடாது.

வன்னி வேர்

ஐயா, அவர்கள் இருந்த படை வேறு. அதிகாரிகள் எல்லாரும் ஆங்கிலத்தில் கதைத்து, எல்லா இனத்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்த படை அது. 1956 இல் வந்த சிங்களம் மட்டும் சட்டத்துக்குப் பிறகு மொழி மாறியது, 1962 இல் படை, பொலிஸ் அதிகாரிகள் ஆட்சியைக் கவிழ்க்கச் செய்த சதி முயற்சிக்குப் பிறகு யாரை எடுப்பது என்ற எண்ணமே மாறியது, பிறகு போர் வந்தது. முத்துக்குமாருவின் பெயரைச் சொல்லி ஒரு பிள்ளையை அனுப்பினால், அவர் இருந்த இடம் இப்போது இல்லை என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

பழைய கடேற் வாத்தியார்

சொல்வேன். அது நியாயம்.

பேரலை

நான் கேட்க வந்தது ஒன்றுதான். பையன் எதற்காகப் போக விரும்புகிறான்? இத்தனை பதிவில் ஒருவரும் அவனைக் கேட்கவில்லை.

பாலம் பார்த்தவன்

வணக்கம். நான்தான் அந்தப் பையன். சித்தி இணைப்பை அனுப்பினா, எல்லாவற்றையும் வாசித்தேன்.

2016 மே மாதம் களனி ஆறு பெருகிக் கொலன்னாவைப் பக்கம் எல்லாம் மூழ்கியபோது என் மாமி வீடும் தண்ணீருக்குள். நான் சின்னப் பிள்ளை. படகில் வந்தவர்கள் மாமியையும் அம்மம்மாவையும் ஏற்றி வெளியே கொண்டுவந்தார்கள். பெரியவர்கள் எல்லாரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற இடத்தில், ஒரு இளம் அதிகாரி மட்டும் யார் முதலில், எந்தப் படகு, எந்த வீதி என்று அமைதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதிருந்து இந்த எண்ணம் இருக்கிறது. பிறகு பொறியியல் படையணி பற்றி வாசித்தேன். பாலம் போடுகிறார்கள், வடக்கில் கண்ணிவெடி அகற்றுகிறார்கள். எனக்கு அதுதான் வேண்டும்.

வன்னி வேர் அண்ணா, நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அப்பாவிடம் கேட்கச் சொன்னீர்கள், கேட்கிறேன்.

மொரட்டுவைக்காரி

தம்பி, நீ எழுதியது நல்லது, இப்போது உனக்கு உண்மையில் உதவக்கூடியதைச் சொல்ல முடியும். நான் சிவில் பொறியியலாளர். பாதை, பாலம் வேலைகளில் படைப் பொறியியலாளர்களோடு ஒரே தளத்தில் நின்றிருக்கிறேன்.

எந்த வாசலால் நுழைகிறாய் என்பது பிறகு என்ன வேலை செய்வாய் என்பதைத் தீர்மானித்துவிடும். இதை ஒருவரும் பத்தொன்பது வயதில் சொல்லிக்கொடுப்பதில்லை. தியத்தலாவை வழியாகப் போகிறவன் முதலில் கட்டளையிடும் அதிகாரி. பொறியியல் படையணிக்கே அனுப்பப்பட்டாலும் அவனுக்குக் கீழே ஆட்கள், முகாம், ஒழுங்கு, இடமாற்றம் எல்லாம் இருக்கும். பாலத்தைக் கட்டச் சொல்பவன் அவன். அந்தப் பாலம் எத்தனை தொன் தாங்கும் என்று கணக்குப் போடுவது பெரும்பாலும் வேறொருவர். அதோடு எந்தப் படையணிக்குப் போவாய் என்பது உன் விருப்பத்தை மட்டும் வைத்து முடிவாகாது. கேட்டது கிடைக்காமல் காலாட்படைக்குப் போனால் அதற்கும் சம்மதமா என்று உன்னையே கேள்.

கே.டி.யூ. வழியாகப் பொறியியல் கடேற்றாகப் போனால் பட்டமும் சீருடையும் சேர்ந்து வரும். நீ சொல்வதற்கு மிக நெருக்கமானது அதுதான். ஆனால் இடங்கள் குறைவு, போட்டி கடுமை.

மூன்றாவது வாசல் பற்றி இங்கே இன்னும் யாரும் எழுதவில்லை. முதலில் மொரட்டுவையிலோ பேராதனையிலோ பட்டம் எடு. பிறகு படைகள் தொழில்வாண்மையாளர்களுக்கு அறிவித்தல் போடும்போது விண்ணப்பி. பொறியியலாளர், மருத்துவர், சட்டத்தரணி, கணக்காளர் எல்லாரையும் இப்படி எடுக்கிறார்கள். நிரந்தரப் படையிலும் எடுப்பார்கள், தொண்டர் படையிலும் எடுப்பார்கள். இப்படி வருகிறவர்களுக்குப் பயிற்சி குறுகியது, தொடக்க நிலையும் உயர்வாக இருக்கும், தொழிலை விட்டு விலக வேண்டியதில்லை. குறை என்னவென்றால் படையணியை நடத்தும் பெரிய பதவிகள் பொதுவாக இவர்களுக்கு வராது. ஜெனரல் ஆக வேண்டும் என்பவன் இந்த வழியில் வரக் கூடாது. பாலம் கட்ட வேண்டும் என்பவன் தாராளமாக வரலாம்.

உன் அப்பாவோடு கதைக்கும்போதும் இது உதவும். பட்டம் கையில் இருக்கும், இருபத்துநாலு வயதில் நிதானமாக முடிவெடுக்கலாம், அதற்குள் மனம் மாறினாலும் ஒன்றும் கெடாது. இப்போதே முடிவெடுத்தால்தான் வீரம் என்று நினைக்காதே. கண்ணிவெடி அகற்றும் வேலைக்குச் சீருடை கட்டாயமும் இல்லை. சிவில் நிறுவனங்களும் வடக்கில் அதைச் செய்கின்றன, அங்கே வேலை செய்பவர்களில் கணிசமானோர் அந்த ஊர்ப் பெண்கள்.

இரத்மலானைப் பக்கம்

மொரட்டுவை அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2023 ஜனவரியில் அரசாங்கம் இராணுவத்தைச் சுருக்கப் போவதாக அறிவித்தது. அப்போது அங்கீகரிக்கப்பட்ட எண்ணிக்கை 2,00,783. அதை 2024 க்குள் 1,35,000 ஆகவும் 2030 க்குள் 1,00,000 ஆகவும் குறைப்பதாகச் சொன்னார்கள். படை சிறிதாகும்போது மேலே போகும் படிகளும் குறையும். ஒவ்வொரு நிலைக்கும் ஓய்வு வயது இருக்கிறது, பதவி உயர்வு கிடைக்காவிட்டால் நாற்பதுகளிலேயே வெளியே வர வேண்டியிருக்கும். அந்த வயதில் கையில் ஒரு தொழில் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் பெரிய வித்தியாசம். இதனாலும் பட்டம் முக்கியம்.

கொட்டாஞ்சேனைச் சித்தி

எல்லாருக்கும் நன்றி. மொரட்டுவைத் தங்கச்சி எழுதியதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

இன்னும் இரண்டு விஷயம். ஒன்று மொழி. இவனுக்குச் சிங்களம் கதைக்கத் தெரியும், கொட்டாஞ்சேனைப் பிள்ளைதானே. எழுத வாசிக்கத் தட்டுத் தடுமாற்றம். இரண்டாவது, ஒருவர் தனக்கு மேலிடத்தில் ஆள் தெரியும், ஒரு தொகை கொடுத்தால் நேர்முகத்தில் பெயர் வரச் செய்வேன் என்று வீட்டுக்கே வந்துவிட்டார். அக்கா நகையை எடுக்கலாமா என்று யோசிக்கிறா.

பழைய கடேற் வாத்தியார்

நகையைப் பெட்டியிலேயே வைக்கச் சொல்லுங்கள்! படையில் சேர ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. பணம் கேட்பவன் ஏமாற்றுக்காரன். அவன் செய்வது இதுதான்: பத்துப் பேரிடம் வாங்குவான், அதில் இரண்டு பேர் தம் திறமையால் எடுபடுவார்கள், அந்த இருவரையும் காட்டி அடுத்த பத்துப் பேரிடம் வாங்குவான். மிச்ச எட்டுப் பேரும் வெட்கத்தில் வெளியே சொல்ல மாட்டார்கள். அறிவித்தல் பத்திரிகையிலும் படைகளின் இணையத்தளத்திலும் பகிரங்கமாக வரும், விண்ணப்பமும் அங்கேயே இருக்கும்.

மொழிக்கு வருகிறேன், ஏனென்றால் கொழும்புத் தமிழ்ப் பிள்ளைகள் தவறவிடும் இடம் இது. கடைத்தெருச் சிங்களம் போதாது. இரவு இரண்டு மணிக்குக் களைத்துப்போயிருக்கும்போது வரும் கட்டளையை ஒருமுறை கேட்டே விளங்க வேண்டும். பிறகு அறிக்கை எழுத வேண்டும், தன் ஆட்களின் வீட்டுக் கஷ்டம் கேட்க வேண்டும். அதிகாரிக்கு ஆங்கிலமும் வேண்டும், பாடங்களும் கடிதப் போக்குவரத்தும் அதில் நிறைய. பெறுபேறு வரும்வரை இருக்கும் இந்த மாதங்களில் அவன் ஓடுவதைவிடச் சிங்களம் எழுதப் பழகுவது பெரிய பலன் தரும். தினமும் ஒரு சிங்களப் பத்திரிகையை உரத்து வாசிக்கட்டும், தெரியாத சொல்லைக் கொப்பியில் எழுதட்டும். அரச கருமமொழிகள் திணைக்களம் நடத்தும் தேர்ச்சிப் பரீட்சையை எழுதினால் கையில் சான்றிதழும் இருக்கும், எந்த அரச வேலைக்கும் அது உதவும்.

ஓடுவதற்குச் சுகததாச விளையாட்டரங்கு வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீச்சலும் பழகட்டும். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தும் எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியாது என்பது எனக்கு எப்போதும் கவலை.

கடலோடி

அதிகாரி என்ற சொல் கப்பலிலும் இருக்கிறது, தம்பி. நான் வணிகக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. மாளபேயில் உள்ள சினெக் என்ற கப்பற்றுறைக் கல்வி நிலையம் போன்ற இடங்களில் டெக் கடேற்றாக, அதாவது கப்பலைச் செலுத்தும் பக்கத்துக்குப் படித்து, கடலில் குறித்த காலம் பயிற்சி முடித்து, கப்பற்றுறைப் பணிப்பகம் நடத்தும் தேர்ச்சிப் பரீட்சை எழுதினால் மூன்றாம் அதிகாரி. அந்தச் சான்றிதழ் சர்வதேச உடன்படிக்கையின்படி வழங்கப்படுவது, வேறு நாட்டுக் கப்பல்களிலும் செல்லும். சம்பளம் டொலரில்.

கட்டணம் அதிகம், அதை மறைக்கவில்லை. படித்து முடித்த பிறகு பயிற்சிக்குக் கப்பல் கிடைக்காமல் மாதக்கணக்கில் வீட்டில் இருந்தவர்களும் உண்டு. சேர முன்பே "கப்பல் ஏற்றித் தருவது யார் பொறுப்பு?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சேரும் இடத்தில் இனிக்க இனிக்கக் கதைப்பார்கள், எழுத்தில் தருவார்களா என்பதைப் பாருங்கள்.

டெக் பக்கம் போவதானால் நிறக்குருடு இருக்கக் கூடாது. விமானிக்கும் அதே. இந்தக் கண் பரிசோதனை சின்ன விஷயம், எந்தக் கண் வைத்தியரும் ஒரு புத்தகத்தைப் புரட்டிச் செய்துவிடுவார். எல்லாக் கனவுக்கும் முதல் அதைச் செய்துகொள்ளுங்கள்.

பறங்கிமலை அடிவாரம்

சென்னையிலிருந்து எழுதுகிறேன். சித்தி, சென்னையில் பரீட்சை எழுதலாம் என்ற பேச்சைப் பார்த்தேன், அது அப்படி இல்லை. கடக்வாஸ்லாவில் உள்ள என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அக்கடமி), டேராடூன் இராணுவ அக்கடமி, எங்கள் பறங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அக்கடமி, எல்லாவற்றுக்கும் இந்தியக் குடியுரிமை வேண்டும். பரீட்சையை நடத்தும் யு.பி.எஸ்.சி. ஆணையத்தின் விதியில் இலங்கையிலிருந்து நிரந்தரமாகக் குடியேறும் எண்ணத்தோடு வந்த இந்திய வம்சாவளியினர் பற்றி ஒரு பிரிவு உண்டு. அதற்கும் அரசின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். இலங்கைக் குடிமகனாக இருந்துகொண்டு வந்து எழுதும் வழி அது இல்லை.

இலங்கைக் கடேற்கள் இந்திய அக்கடமிகளில் பயிற்சி பெறுவது உண்மை. அவர்கள் முதலில் அங்கே உங்கள் இராணுவத்தில் தெரிவாகி, அந்த இராணுவம் அனுப்பி வருகிறவர்கள். தனியாக விண்ணப்பிக்க முடியாது.

லண்டன் குளிர்

பிரித்தானிய இராணுவம் பற்றி யாராவது கேட்பீர்கள் என்று தெரியும். பொதுநலவாய நாட்டவர்கள் விண்ணப்பிக்கலாம், இலங்கையும் அதில் அடங்கும். அதிகாரியாவதற்கு வெஸ்ற்பரியில் தெரிவுச் சபை, பிறகு சான்ட்ஹேர்ஸ்ட் இராணுவ அக்கடமியில் 44 வாரப் பயிற்சி. ஆனால் எத்தனை பேரை எடுக்கிறார்கள், எந்தப் பிரிவுக்கு எடுக்கிறார்கள் என்பது அடிக்கடி மாறும். இதை நம்பி ஏ.எல். பெறுபேற்றை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டாம். இங்கே வந்தவர்களில் பலர் முதலில் சாதாரண படைவீரராகச் சேர்ந்தவர்கள்.

பேரலை

பொலிஸையும் பட்டியலில் வையுங்கள். பட்டம் முடித்தவர்களுக்கு உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் பதவிக்குப் போட்டிப் பரீட்சை நடக்கிறது, தமிழிலும் எழுதலாம். உப பொலிஸ் பரிசோதகராக ஏ.எல். தகுதியோடும் சேரலாம், பயிற்சி களுத்துறை பொலிஸ் கல்லூரியில். தமிழில் முறைப்பாடு எழுத ஆள் இல்லாமல் எங்கள் மக்கள் பொலிஸ் நிலையங்களில் படும் பாடு எல்லாருக்கும் தெரியும். அங்கே ஒரு தமிழ் அதிகாரி உட்கார்ந்திருந்தால் ஒரு நாளில் எத்தனை பேருக்கு உதவி! வன்னி வேர் கேட்ட கேள்வி அங்கேயும் வரும், குறையாது. ஆனால் உதவியும் கண்முன்னே தெரியும்.

வன்னி வேர்

தம்பி, நீ எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். பதில் இல்லை என்று நேராகச் சொன்னாய், அது போதும். நான் உன்னைப் போகாதே என்று சொல்லவில்லை. மொரட்டுவைக்காரி சொன்ன மூன்றாவது வழியைத்தான் என் தம்பியாக இருந்தால் உனக்குச் சொல்வேன். அதற்குள் ஒருமுறை வடக்குக்குப் போய், கண்ணிவெடி அகற்றுபவர்களோடு கதைத்துப் பார். வவுனியாவில் தங்க இடம் வேண்டுமானால் தனிச் செய்தியில் கேள், ஒழுங்கு செய்து தருகிறேன்.

பாலம் பார்த்தவன்

நன்றி அண்ணா. அப்பாவோடு கதைத்தேன். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் கதைத்தார். எண்பத்தொன்பதில் தனக்கு நடந்ததை முதல் முறையாகச் சொன்னார், அதை இங்கே எழுத மாட்டேன்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பொறியியலைத்தான் முதலில் போடப் போகிறேன். கே.டி.யூ. கடேற் அறிவித்தல் வந்தால் அதற்கும் போடுவேன். பொறியியல் அங்கே கிடைத்தால் போவேன், வேறு துறை தந்தால் மாட்டேன். தியத்தலாவைக்கு இந்த முறை போடவில்லை. சிங்களப் பத்திரிகை வாசிக்கத் தொடங்கிவிட்டேன், வாத்தியார்.

கொட்டாஞ்சேனைச் சித்தி

இவனுடைய கதையைக் கேட்டுவிட்டு இப்போது என் மகள் கேட்கிறாள், பெண் பிள்ளைகளுக்கு என்ன வழி என்று. அவள் பத்தாம் வகுப்பு. யாராவது சொல்லுங்கள்.

மொரட்டுவைக்காரி

வழி இருக்கிறது. இராணுவ மகளிர் படையணி 1979 இல் தொடங்கியது, பெண் கடேற் அதிகாரிகளுக்கும் தியத்தலாவையில்தான் பயிற்சி. கே.டி.யூ.விலும் பெண் கடேற்கள் படிக்கிறார்கள். விமானப்படையில் 2020 இல் முதன்முதலாகப் பெண் விமானிகள் சீனன்குடாவில் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். நான் சொன்ன தொழில்வாண்மையாளர் வழி பெண்களுக்கும் பொருந்தும், பெண் மருத்துவர்கள் அப்படிச் சேர்ந்திருக்கிறார்கள். ஆனால் ஆண்களுக்குத் திறந்திருக்கும் எல்லாப் பிரிவும் பெண்களுக்குத் திறந்திருப்பதில்லை. அறிவித்தல் வரும்போது எந்தெந்தப் பிரிவுக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்று தனியாகப் பாருங்கள்.

பத்தாம் வகுப்பு என்றால் நேரம் இருக்கிறது. ஓ.எல்.லில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றையும் நல்ல தரத்தில் எடுக்கச் சொல்லுங்கள், இரண்டாம் மொழிச் சிங்களத்தை விட வேண்டாம். பாடசாலையில் கடேற் இருந்தால் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஏதாவது ஒரு விளையாட்டில் அணியில் இருக்கட்டும், அந்தச் சான்றிதழ்களின் மூலப் பிரதிகளை நேர்முகத்தில் கேட்பார்கள். கடலோடி சொன்ன கண் பரிசோதனையை அண்ணனோடு சேர்த்து இவளுக்கும் இப்போதே செய்துவிடுங்கள்.